சிவப்புப் பிறேக்

பாரிசிலிருந்து வந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தவுடனேயே சிசிலியாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொக்கிலேற்றும் சவர்க்காரமும் இவ்வளவு பாரம் இருக்காது. கொலின்ஸ் மீன் வெட்டுகிற கத்தியால் பெட்டியைக் கிழித்து, மேலே கிடந்த இரண்டு குளிர்ச்சட்டைகளை எடுத்து அப்பால் போட்டான். உள்ளே சோற்றுத் தட்டத்தைவிட அகலமாக, துளை துளையாக, இரண்டு இரும்பு வட்டங்கள். அவற்றுக்குக் கீழே அவித்த இறால் நிறத்தில் இரண்டு பெரிய கட்டிகள்.

"உதென்னடா?"

"பிறேக் அம்மா. மச்சான் தன்ரை றேஸ் காரிலை இருந்து கழட்டி அனுப்பினவன்."

"உன்ரை காருக்குப் பிறேக் இல்லையே?"

"இருக்கு. இது அதைவிட நல்லது."

இருப்பதை வைத்துக்கொண்டு அதைவிட நல்லதைத் தேடுவது கொலின்சின் பிறவிக்குணம். குருநகரில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போன வீட்டில் பிறந்தும், வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுக்கிறவன் அவன். அதனால் கார் ஓட்டினான். அவனைவிட மூன்று வயது இளைய வெள்ளை லான்சர். பலாலி விமானநிலையம், கலியாண வீடு, பெரியாஸ்பத்திரி என்று ஹயர் கிடைத்துக்கொண்டே இருந்தது. புது வாகனம் நாட்டுக்குள் வராமல் நின்ற வருசங்களில் பழைய கார்க்காரர் எல்லாருக்கும் ஓர் எடுப்பு வந்திருந்தது. கொலின்சுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப்போல ஏழெட்டுப் பெடியள் தங்கள் கார்களைப் பண்ணைக் கடலோரம் வரிசையாக விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பிறேக்கைப் பூட்டியது மானிப்பாயில் கராஜ் வைத்திருக்கும் செபநாயகம். நாற்பத்தைந்து வயது, மெல்லிய குரல், கராஜுக்குள் ஆட்கள் இருக்க ஒரு வாங்கும் வாசிக்க ஒரு வேதாகமமும் வைத்திருக்கிற மனிதன். பிறேக் வேலை என்றால் முதலில் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வேறு யாரும் தொடாத துணி ஒன்றில் கையைத் துடைத்துவிட்டுத்தான் சாமானைத் தொடுவான். முன் சில்லு இரண்டுக்கும் புதியது பூட்டினான். பின் சில்லுகளில் பழைய பிறேக்கே இருந்தது. அது மூடிய தகரத்துக்குள் இருப்பது, வெளியே தெரியாது.

பூட்டி இரண்டாம் நாள், அல்லைப்பிட்டியில் ஒரு முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சிசிலியாவை ஏற்றிக்கொண்டு போனான். பண்ணைப் பாலம் தாண்டிக் கடலுக்கு நடுவே நீட்டாகக் கிடக்கிற றோட்டு. திடீரென்று இரைச்சலோடு பறப்பான்; திடீரென்று பிறேக்கை அமத்துவான். சிசிலியாவின் நெற்றி முன் சீற்றில் இடித்தது.

"ஏனடா உப்பிடிச் செய்யிறாய்?"

"பிறேக்கைப் படிய வைக்கிறன் அம்மா. அறுபதிலை போய்ப் பத்துக்கு அமத்த வேணும். பத்துத்தரம். ஆனா இடையிலை நிக்கக் கூடாது."

"எனக்கு இப்பவே படிஞ்சிட்டுது. நிப்பாட்டு, நான் இறங்கி நடக்கிறன்."

"நிக்கக் கூடாது எண்டெல்லே சொல்லுறன்."

கருகின மணம் ஒன்று காருக்குள் வந்தது. றோட்டோரக் காவலரணில் நின்ற நேவிக்காரன் இவர்களைப் பார்த்தபடியே நின்றான். பூசைக்குப் போய்ச் சேர்ந்தபோது சிசிலியாவுக்கு இறந்தவரைவிடத் தன்மேல்தான் அதிகம் இரக்கமாக இருந்தது.

சத்தம் தொடங்கியது நாலாம் நாள். விடியப்புறம் பலாலிக்குப் போக ஒழுங்கையின் முதல் முடக்கில் கொலின்ஸ் பிறேக்கில் காலை வைத்தான். பீங்கான் கோப்பையில் கத்தியால் இழுத்ததுபோல ஒரு கீச்சு எழும்பி, ஒழுங்கை முழுக்க நாய்கள் குரைத்தன. பெரிய றோட்டுக்குப் போக இன்னும் மூன்று முடக்கு இருந்தது. மூன்றிலும் கீச்சிட்டது. ஓடிச் சூடேறினால் சத்தம் வராது. ஆறிக் கிடந்து புறப்படும்போதுதான். குருநகரில் எல்லாரும் படுத்திருப்பதும் அந்த நேரத்தில்தான்.

"உன்ரை மோன்ரை கார் பேயைக் கண்ட மாதிரிக் கத்துது," என்றாள் முன்வீட்டு யோசப்பின். "செபமாலை சொல்ல இருந்தா, அருள் நிறைஞ்ச மரியே எண்டதுக்குப் பிறகு அதுதான் பதில் சொல்லுது."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு இரண்டு வயதான ஆட்களை ஏற்றிக்கொண்டு பிந்தி வந்தவன், கோயில் வாசலில் பிறேக் அடித்தான். சரியாக உள்ளே சுவாமி அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரம். பூசைமணி எது, பிறேக் எது என்று பிரிக்க முடியவில்லை. சுவாமி உயர்த்திய கையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறக்கினார். சிசிலியா தலைச்சீலையை நன்றாக இழுத்து மூடிக்கொண்டாள்.

அவமானம் அதோடு நிற்கவில்லை. உடுப்பிட்டியில் ஒரு கலியாணம். காரைப் பூச்சோடித்துக்கொண்டு போய், நேரம் வரும்வரை சந்தியில் காத்து நின்றுவிட்டு, ஆறிய பிறேக்கோடு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிறுத்தினான். கீச்சுச் சத்தம் கேட்டு நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஆழ்வாப்பிள்ளை காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"தம்பி, உதுக்குப் பிறேக் இல்லை. நான் பிள்ளையை வேறை காரிலை ஏத்திறன்."

"ஐயா, யாழ்ப்பாணத்திலையே இதுதான் நல்ல பிறேக்."

"நல்ல பிறேக் ஏன் தம்பி கத்துது?"

வட்டத்தை இறுக்கிப் பிடிக்கிற பிறேக் கட்டை கடினம், சூடு வேண்டும், அதிர்வு என்று கொலின்ஸ் விளங்கப்படுத்தினான். ஆழ்வாப்பிள்ளை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையை வேறு காரில் ஏற்றினார். கொலின்ஸ் பூமாலையோடு வெறுங்காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருவரும் கலியாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அவன் மனைவி றொசாந்திக்கு அப்போது ஏழு மாதம். தாய் இல்லாத பிள்ளை. அக்கா ஒருத்தி நோர்வேயில். முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போக அவளுக்கு வீடு இல்லை. ஆகையால் எல்லாம் மாமியார் கையில்தான் என்று முடிவாகியிருந்தது. சிசிலியாவுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. அந்த ஒழுங்கையில் முப்பது வருசமாகப் பிறந்த பிள்ளைகளில் பாதியை, பிறந்து முப்பத்தொரு நாள் முடியும்வரை குளிப்பாட்டியது அவள் கை. காலை நீட்டி இருந்து, பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, சுடுதண்ணீரை மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஊற்றுவாள். பிள்ளை அழாது. தாய்மார் பக்கத்தில்கூட நிற்பதில்லை. சிசிலியாக்கா பார்ப்பா என்று போய்ப் படுத்துவிடுவார்கள். இனித் தன் மகனின் பிள்ளையை அப்படிக் காலில் போடப் போகிறாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையைத் தானே பார்க்கத் தோன்றும்.

அந்தக் கைக்கு வேறொரு வேலையும் இருந்தது. அவள் புருசன் அடைக்கலநாதன் விடியக் கடலால் வந்ததும் வள்ளத்து எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து மரச்சட்டத்தில் மாட்டுவான். அதற்குப் பிறகு எஞ்சின் சிசிலியாவுடையது. நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவுவாள். பழைய ஒயிலையும் மண்ணெண்ணெயையும் கலந்து வைத்த பேணியில் சீலைத்துண்டைத் தோய்த்து ஒவ்வொரு ஆணியாகத் துடைப்பாள். விரல் போகாத இடத்துக்குத் தடியில் சுற்றிய சீலை. ஒரு நாள் விட்டால் மறுநாள் கறள் பிடிக்கும். ஒரு கிழமை விட்டால் ஆணி உடைந்துதான் கழரும். அவள் துடைத்த எஞ்சின் பதினாலு வருசமாக ஓடுகிறது. அதே கடையில் அதே நாளில் வாங்கிய மற்றவர்களின் எஞ்சின்கள் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டன. கடற்கரையில் இருக்கிற இரும்புக்கு எண்ணெய்தான் சோறு என்பதில் அவளுக்கு இம்மியும் சந்தேகமில்லை.

"டிஸ்க்கிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது," என்று பிறேக் பூட்டிக்கொண்டு வந்த நாளே அந்த இரும்பு வட்டத்தைக் காட்டிக் கொலின்ஸ் சொல்லியிருந்தான். "கை வேர்வை பட்டாலும் கூடாதெண்டு செபநாயகம் அண்ணை சொன்னவர்."

சிசிலியா கேட்டாள்தான். ஆனால் சின்ன வயதில் சைக்கிளைத் தொடாதை, ரேடியோவைத் தொடாதை, சேட்டை மடிக்காதை என்று சொல்லி வளர்ந்தவன் அவன். இதையும் அதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஏன் தொடக்கூடாது என்று அவன் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. உடுப்பிட்டி அவமானத்துக்கு இரண்டு நாள் கழித்துக் கொலின்ஸ் காரைச் செபநாயகத்திடம் கொண்டுபோனான். செபநாயகம் சில்லைக் கழற்றி, கறுப்புத் தூசியைக் கழுவி, பிறேக் கட்டைகளின் விளிம்பை அரத்தால் சரித்து ராவி, கட்டையின் முதுகில் மட்டும் நகத்தளவு கிறீஸ் வைத்துத் திரும்பப் பூட்டினான்.

"முதுகிலை மட்டும்தான்," என்று அன்று இரவு வீட்டில் கொலின்ஸ் புட்டைக் குழைத்தபடி றொசாந்திக்குச் சொன்னான். "முகத்திலை பட்டால் சரி, கதை முடிஞ்சுது. நாளைக்கு உன்னைக் கிளினிக்கிலை விட்டிட்டு, பண்ணைக்குப் போய்த் திரும்பப் படிய வைப்பன்."

சிசிலியா அந்த நேரம் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பொரிகிற சத்தத்தில் அவளுக்குப் பண்ணை என்ற சொல் மட்டும்தான் கேட்டது. இன்னொருதரம் அந்தக் காரில் பண்ணைக்கு வரமாட்டேன் என்று அங்கிருந்தபடியே சொன்னாள்.

அன்றிரவு முழுக்க மழை.

விடிய மழை விட்டிருந்தது. அடைக்கலநாதன் நண்டோடு வந்தான். சிசிலியா எஞ்சினைத் துடைத்து முடித்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள். பக்கத்தில் கார். சில்லுக்குள்ளே பார்த்தாள். நேற்றுத் திருத்தி வந்த அந்த இரும்பு வட்டம், பாரிசிலிருந்து வந்த இரும்பு, ஒரே இரவில் செம்மஞ்சளாகக் கறள் பிடித்துக் கிடந்தது.

ஈரத்தில் நின்ற எந்தக் காருக்கும் அப்படித்தான். இரண்டுதரம் பிறேக் அடித்தால் அந்தக் கறள் தானாகப் போய்விடும். சிசிலியாவுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கடற்கரை இரும்பு. இதுதான் கத்துவதற்குக் காரணம் என்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. பேணியையும் தடியையும் எடுத்துக்கொண்டு காரடியில் குந்தினாள்.

எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். சில்லின் கம்பிகளுக்கு நடுவால் கையை விட்டு வட்டம் முழுக்கத் துடைத்தாள். ஒவ்வொரு துளைக்கும் எண்ணெய் விட்டாள். தடியை உள்ளே வளைத்துப் பின்பக்கத்தையும் துடைத்தாள். பிறகு மற்றப் பக்கத்துச் சில்லு. பின் சில்லுகளில் துடைக்க ஒன்றும் வெளியே தெரியவில்லை, அவற்றை விட்டாள்.

வலை தட்டிக்கொண்டிருந்த அடைக்கலநாதன் திரும்பினான். "உதென்ன செய்யிறாய்?"

"கறள் துடைக்கிறன்."

"அவன் ஏசப் போறான்."

"ஏசினா ஏசட்டும். கத்தாமல் போனால் காணும்."

எட்டு மணிக்குக் கொலின்ஸ் றொசாந்தியைக் கைபிடித்து முன் சீற்றில் ஏற்றினான். சிசிலியா வாசலில் நின்று காது கொடுத்தாள். முதல் முடக்கு. சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒரு கீச்சும் இல்லை. முன்வீட்டு யோசப்பின் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"என்ன சிசிலியா, பேய் ஓடிட்டுதோ?"

"ஓட்டியாச்சு," என்றாள் சிசிலியா. உள்ளே போய் அடுப்பில் கேத்திலை வைத்தாள். மனம் நிறைந்திருந்தது. அன்று பின்னேரம் மகனுக்குச் சொல்லி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

தண்ணீர் கொதிக்கமுன் அடைக்கலநாதனின் போன் அடித்தது.

சந்தியில் வெங்காயம் இறக்கிக்கொண்டு நின்ற லொறியின் பின்புறத்தில் கார் போய் ஏறியிருந்தது. வேகம் பெரிதில்லை, பின் சில்லுகள் பிடித்ததால் பாதி வேகம் குறைந்துதான் இடித்திருக்கிறது. றொசாந்தி வயிற்றை மறைக்கக் கையை முன்னால் நீட்டியிருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வாட்டில் மறித்துவிட்டார்கள்.

மூன்று நாள் சிசிலியா ஆஸ்பத்திரி விறாந்தை வாங்கில் இருந்தாள். சோறும் மீன் சொதியும் கட்டிக்கொண்டு வருவாள். றொசாந்திக்கு இடக்கையால் சாப்பிட வராது, ஊட்டிவிடுவாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டொக்ரர் சொன்னார். அப்போது றொசாந்தி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாமி, எனக்கு இனி ஒரு கைதான். பிள்ளையைத் தூக்கவும் பயமாயிருக்கும். முப்பத்தொரு நாளும் நீங்கள்தான் குளிப்பாட்ட வேணும்."

"நான் இல்லாமல் வேறை ஆர்?" என்றாள் சிசிலியா.

அன்று மத்தியானம் செபநாயகம் வந்தான். இடிபட்ட காரை அவனுடைய கராஜுக்குத்தான் கட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். விறாந்தையில் கொலின்சுக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"கழட்டிப் பாத்தன் தம்பி. கட்டை ரண்டு பக்கமும் எண்ணெய். டிஸ்க்கின்ரை துளையெல்லாம் எண்ணெய்."

"பிறேக்கை மிதிக்கிறன் அண்ணை, கால் கல்லிலை மிதிச்ச மாதிரி நிக்குது, கார் தன்ரை பாட்டிலை போகுது. நீங்கள் கிறீஸை முகத்திலை தேச்சிருக்கிறியள்."

"நான் முதுகிலை மட்டும்தான் வைச்சன். அப்பிடித்தான் நினைக்கிறன்."

"நினைக்கிறியளோ?"

"இடையிலை மகளின்ரை போன் ஒண்டு வந்தது. எடுத்துக் கதைச்சன். பிறகு கை கழுவினனோ எண்டு… எனக்குத் துப்பரவாய் ஞாபகம் வரேல்லை." அவன் கைகளை முன்னே கொண்டுவந்து பார்த்தான். "நகத்தளவுதான் தம்பி. அவ்வளவு எண்ணெய் எங்கையிருந்து வந்தது?"

"சூட்டிலை உருகிப் பரவியிருக்கும். என்ரை பெஞ்சாதி, பிள்ளை ரண்டும் செத்திருக்கும் அண்ணை. உங்களுக்கு இனி ஆர் வாகனம் தாறது எண்டு நான் பாக்கிறன்."

வாங்கில் இருந்த சிசிலியாவின் மடியில் சாப்பாட்டுப் பார்சல் இருந்தது. துளையெல்லாம் எண்ணெய் என்ற சொல்லைக் கேட்ட இடத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது நான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாட்டுக்குள்ளிருந்து றொசாந்தி, "மாமி," என்று கூப்பிட்டாள். சிசிலியா எழும்பி உள்ளே போனாள். போனது நல்லதாய்ப் போயிற்று என்று அப்போது அவளுக்கு ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் பிறகு அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னாள். அவன் நண்டுவலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றான்.

"தெரிஞ்சு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி? நீ வேணுமெண்டோ செய்தனி? பிள்ளை பிறக்கட்டும். அதுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இரு. எண்ணெய் பூசினது நீ எண்டு தெரிஞ்சா, அந்தப் பெட்டை தன்ரை குழந்தையை உன்ரை கையிலை தருமோ?"

அவள் பயந்ததும் சரியாக அதற்குத்தான். போய் எஞ்சினைத் துடைத்தாள். எண்ணெய்ச் சீலை கையில் பட்டபோது முதன்முறையாக அருவருத்தது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். "சுவாமி, தெரியாமல் ஒரு பிழை செய்துபோட்டன். அதாலை ஒரு ஆளுக்குக் காயம் வந்திட்டுது." தெரியாமல் செய்தது பாவமில்லை, அம்மா என்றார் சுவாமி. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அவள் முப்பது சொன்னாள். தன் பிழையை வேறொருவன் சுமக்கிறான் என்ற பாதியை அவள் சொல்லவில்லை. சொல்லாததற்குச் சுவாமி என்ன செய்வார்? கோயிலை விட்டு வெளியே வரும்போது மனப்பாரம் அப்படியே இருந்தது.

கொலின்ஸ் சொன்னபடி செய்தான். கார்ப் பெடியளின் வட்ஸப் குழுவில் மானிப்பாய்க் கராஜின் படத்தைப் போட்டு நடந்ததை எழுதினான். பொய் ஒன்றும் எழுதவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினான். இரண்டாம் கிழமை செபநாயகம் பிறேக் வேலை எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டார்கள். மூன்றாம் கிழமை கராஜ் பூட்டிக் கிடக்கிறது என்று யோசப்பின் வந்து சொன்னாள். மானிப்பாயில் அவளுடைய தங்கச்சி இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "மனிசன் சாப்பிடுறதில்லையாம். கையைக் கையைப் பாக்கிறாராம். அவரின்ரை மனிசி ஒரே கண்ணீராம்." சிசிலியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபடியால் கண்ணைத் துடைத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழை தூறிக்கொண்டிருக்கச் செபநாயகம் சைக்கிளில் வந்தான். வழமையாக வருகிற மோட்டார்சைக்கிள் இல்லை. தாடி வளர்ந்திருந்தது. விறாந்தைக் கரையில் நின்றான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. கொலின்ஸ் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். றொசாந்தி கட்டுப்போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக் கதிரையில் இருந்தாள். அடைக்கலநாதன் கடற்கரைக்குப் போயிருந்தான்.

"கார் சரி தம்பி," என்றான் செபநாயகம். "டிஸ்க்கைக் கழுவி, புதுக் கட்டை போட்டிருக்கு. நான் போடேல்லை. சுன்னாகத்திலை ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து அவனைக் கொண்டு போடுவிச்சன். நான் பக்கத்திலை நிண்டதுதான்."

கொலின்ஸ் திரும்பி உள்ளே போகப் பார்த்தான்.

"நான் வவுனியாவுக்குப் போறன். மச்சானின்ரை அரிசி மில்லிலை வேலை. போக முதல் தங்கச்சியிட்டை மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு வந்தனான்." அவன் றொசாந்தியின் முகத்தைப் பார்க்காமல் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "பழைய கட்டை ஒண்டை எடுத்து, அதே மாதிரி முதுகிலை கிறீஸ் வைச்சு, அடுப்பிலை சூடாக்கிப் பாத்தன் பிள்ளை. முகத்துக்கு வரேல்லை. கூட வைச்சுப் பாத்தன். வரேல்லை. ஒரு இருவது முப்பதுதரம் செய்து பாத்திருப்பன். அப்பிடிப் பரவாது. ஆனா அந்தச் சாமானிலை கை வைச்சது நான் ஒருத்தன்தானே? வேறை என்ன நடந்திருக்கும்?"

சிசிலியா பிளேன்ரீ கொண்டுவந்தாள். கோப்பையை நீட்டினாள். வாங்குவதற்கு அவன் கையை நீட்டினான். நீட்டிய கையை இழுத்து, சட்டையில் துடைத்து, திரும்பவும் நீட்டினான். நல்ல வேலைக்காரன் ஒருவன் தன் கையைத் தானே நம்பாமல் துடைப்பதை அவள் தாங்கமாட்டாமல் போனாள்.

"தம்பி, அது உங்கடை கிறீஸ் இல்லை."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் துடைச்சது. அண்டைக்கு விடிய. வள்ளத்து எஞ்சின் துடைக்கிற எண்ணெயாலை. கறள் கிடந்தது, கத்துதெண்டு… ரண்டு சில்லும். உள்ளுக்கும் தடி விட்டுத் துடைச்சன். ஒரு துளை விடேல்லை."

"அம்மா," என்றான் கொலின்ஸ்.

செபநாயகம் கோப்பையை விறாந்தைக் கட்டின்மேல் வைத்தான். மெல்ல வைத்தான். அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று சிசிலியா எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை.

"எப்ப அக்கா உங்களுக்குத் தெரியும்?"

"ஆஸ்பத்திரி விறாந்தையிலை. நீங்கள் சொல்லேக்கை."

"இருவத்திநாலு நாள்." அவனுடைய மெல்லிய குரல் உடைந்து பெரிதாகியது. "இருவத்திநாலு நாள் அக்கா! என்ரை மோட்டச்சைக்கிள் பிறேக்கை நானே நம்பேல்லை. நான் கை வைச்சதெண்டு மகளை அதிலை ஏத்தப் பயந்து பஸ்சிலை விட்டனான். ராத்திரியிலை எழும்பிக் கை கழுவினனான். நீங்கள் இஞ்சை இருந்து சோறு சமைச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள்."

"ஓம் தம்பி."

"ஓமெண்டு சொல்லுறியள்!"

அவன் திரும்பி, மழைக்குள் இறங்கிச் சைக்கிளை எடுத்தான். "அண்ணை, நில்லுங்கோ!" என்று கொலின்ஸ் கத்தினான். செபநாயகம் நிற்கவில்லை. கொலின்ஸ் செருப்பும் போடாமல் ஒழுங்கையில் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினான். முதல் முடக்கில் இரண்டு பேரும் மறைந்தார்கள். முன்வீட்டு யன்னல் திறந்தது.

வீட்டுக்குள் மாமியும் மருமகளும் மட்டும். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. சிசிலியா சுவரோடு சாய்ந்து நின்றாள். ஏதாவது ஏசினால் நல்லது என்று இருந்தது அவளுக்கு.

"மாமி," என்றாள் றொசாந்தி. "இண்டைக்கு அவர் வராட்டி, சொல்லியிருப்பியளோ?"

சொல்லியிருப்பேன் என்று சொல்வது லேசு. யாரும் பொய் என்று பிடிக்கமுடியாது.

"இல்லைப் பிள்ளை."

"ஒருநாளும்?"

"நீ பெத்து, நான் முப்பத்தொரு நாளும் குளிப்பாட்டி முடிய… பிறகு சில நேரம் சொல்லியிருப்பன். தெரியாது. நீ பிள்ளையைத் தராமல் விட்டிடுவியோ எண்ட பயம்தான் எனக்கு. வேறை ஒண்டுமில்லை."

றொசாந்தி மாமியாரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிசிலியாவுக்கு அவற்றைச் சீலைக்குள் ஒளிக்கவேண்டும்போல இருந்தது; ஒளிக்கவில்லை.

"குளிப்பாட்டிறது நீங்கள்தான்," என்றாள் றொசாந்தி கடைசியில். "ஆனா நான் பக்கத்திலை நிப்பன். ஒவ்வொரு நாளும். நீங்கள் என்ன பூசினாலும், என்ன ஊத்தினாலும், ஏன் எண்டு கேப்பன். நீங்கள் கோவிக்கக் கூடாது."

அந்த ஒழுங்கையில் முப்பது வருசத்தில் ஒரு தாயும் சிசிலியாவிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் சுவரை விட்டு வந்து, ஆறிப்போன கோப்பையை எடுத்தாள்.

"கேள் பிள்ளை," என்றாள். "கேக்காமல் விடாதை."